வாசலில் நிற்கும் நகை

ஒரு பவுன் மோதிரத்தைக் கழற்றி வைத்தால்கூட பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பீரோ சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளிக்கிறோம். ஆனால் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் அடகு வைத்து, அதுவும் போதாமல் காட்டுப் பத்திரத்தையும் பேங்கில் கொடுத்து வாங்கின டிராக்டர் மட்டும் ராத்திரி பூராவும் வாசலில் திறந்த வெளியில் நிற்கிறது. சில வீடுகளில் சாவியும் அதிலேயே தொங்குகிறது!

சமையல் குறிப்பும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் டிராக்டருக்கு என்ன வேலை என்று பட்டணத்துச் சகோதரிகள் சிரிக்கலாம். தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் சிரிக்க மாட்டார்கள். வண்டி ஓட்டுவது ஆண்கள் வேலையாக இருக்கலாம். அது ராத்திரி நிற்கிற இடம் நம் வாசல். அதன் தவணைக்காகக் குழந்தைகளின் தீபாவளித் துணியில் மிச்சம் பிடிப்பதும் நாம்தான்.

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வருகிற தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல், மஞ்சள், கொஞ்சம் கரும்பு. எங்கள் பக்கத்தில் அவரவர் காட்டுக்குள்ளேயே சாளை போட்டுக் குடியிருப்பவர்கள் அதிகம். அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும். அடுத்த வீட்டில் கத்தினால் காதில் விழாது. அப்படிப்பட்ட இடத்தில் ஏழெட்டு லட்ச ரூபாய்ச் சாமான் வெளியே நிற்கிறது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

எங்களை யோசிக்க வைத்தது என் ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டில் நடந்த சம்பவம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம். நாளைக்கும் அங்கேதானே உழவு என்று வண்டியைக் கடைசி வயலிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் கலப்பை மட்டும் கிடக்கிறது. வண்டியைக் காணோம். டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி என்று நாம் நினைக்கிறோம். மணிக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் ஓடும். நடுராத்திரி கிளப்பினால் விடிவதற்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். லாரியில் ஏற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வண்டி போனதோடு போகவில்லை, கடன் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று இன்னும் நாலு வருஷம் பாக்கி. இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் அது தேர்டு பார்ட்டி மட்டும். நம் வண்டி அடுத்தவர் மேல் மோதினால் அவர்களுக்குக் கொடுக்கிற இன்ஷூரன்ஸ் அது. நம் வண்டி களவு போனால் அதில் ஒரு பைசா வராது. "இல்லாத வண்டிக்குத் தவணை கட்டறேன் அம்மிணி" என்று நாத்தனார் சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

அந்தச் செய்தி வந்த ராத்திரியிலிருந்து எங்கள் மாமனார் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் டிராக்டர் பக்கத்தில் போட்டுவிட்டார். அவருக்கு எழுபத்திரண்டு வயசு. இளைப்பு உண்டு. மார்கழிப் பனி வாழை இலையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய இருமிக்கொண்டு கிடப்பார். டாக்டர் கண்டித்தார், அத்தை சண்டை போட்டார்கள். அவர் கேட்கவில்லை.

"மாமா, உள்ளே வந்து படுங்க. உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று நான் கெஞ்சினேன்.

"வண்டி போனா காடு போகும் அம்மிணி. நான் போனா ஒரு ஆளுதானே" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. ஒரு மனுஷன் காவல் கிடப்பதைவிட நல்ல காவல் இல்லாமலா போகும் என்று எங்கள் வீட்டுக்காரரை நச்சரித்து, பட்டறைக்காரத் தம்பியை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் செய்து காட்டியதைப் பார்த்தபோதுதான் திருடனுக்கு இந்த வேலை எவ்வளவு சுலபம் என்று புரிந்தது.

முதலில் தன் பையிலிருந்து வேறொரு சாவியை எடுத்தார். அதே கம்பெனியின் வேறு வண்டிச் சாவி. எங்கள் வண்டியில் போட்டுத் திருகினார். செல்ஃப் அடித்து எஞ்சின் ஓடியது! ஸ்கூட்டர், கார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல டிராக்டர்களில் ஒரே மாதிரிச் சாவிதான்.

"அது மட்டும் இல்லீங்க அக்கா. இது டீசல் வண்டி. பெட்ரோல் வண்டி மாதிரி கரண்ட்டுப் பொறி வேண்டியதில்லை. நம்ம மாதிரிப் பழைய மாடல்ல சாவியே இல்லாமப் போனாலும், இன்னொரு வண்டியில கட்டி இழுத்துக் கியரைப் போட்டா ஓட ஆரம்பிச்சிரும். அப்புறம் டீசல் வர்ற வரைக்கும் ஓடும்" என்றார்.

ஆக, சாவியை எடுத்து ஆணியில் மாட்டினால் போதும் என்பது பாதிக் காவல்தான். மீதியையும் அவரிடமே கேட்டுச் செய்துகொண்டோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது இடம். முன்பு வாசலைப் பார்த்தபடி, ஏறி உட்கார்ந்தால் அப்படியே ரோட்டுக்குப் போகிற மாதிரி நிறுத்துவார்கள். இப்போது வீட்டுச் சுவருக்கும் கட்டுத்தரைக்கும் நடுவில், மூக்கு உள்ளே பார்க்கும்படி நிறுத்துகிறோம். அதற்குப் பின்னால் டிரெய்லரைக் குறுக்கே விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிடுகிறோம். டிரெய்லரை நகர்த்தாமல் டிராக்டர் வெளியே வராது. சத்தம் இல்லாமல் டிரெய்லரை நகர்த்தவும் முடியாது. எங்கள் படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். சுவரில் ஒரு விளக்கு போட்டோம். ஆள் அசைந்தால் தானே எரிகிற ரகம். நாய்க்கும் அந்த மூலையில்தான் படுக்கை.

இரண்டாவது சங்கிலி. கிளட்ச் மிதியையும் ஸ்டீயரிங் சக்கரத்தையும் சேர்த்துக் கனமான சங்கிலியால் இறுக்கிக் கட்டிப் பூட்டுவது. கிளட்ச்சும் மிதிபடாது, ஸ்டீயரிங்கும் திரும்பாது. கட்டி இழுத்துப் போகவும் தோதுப்படாது. சங்கிலி தொளதொளவென்று தரையில் கிடக்கக் கூடாதாம். தரையில் கிடந்தால் வெட்டுகிற கத்தரியை ஊன்றி வெட்டுவது சுலபம். பூட்டின் வளையம் வெளியே அதிகம் தெரியாத ரகமாக வாங்க வேண்டும். நாலு மழையில் பூட்டு துருப்பிடித்துவிடும். அதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறை மாதிரி மாட்டி, மாதம் ஒரு தரம் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

மூன்றாவது பேட்டரி. டிராக்டரைவிட அதிகமாகக் களவு போவது அதன் பேட்டரி. பேட்டரிப் பெட்டிக்கு மூடி போட்டு அதற்கும் ஒரு பூட்டு. கூடவே பேட்டரி வயரில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச். அதன் கைப்பிடி தனியாகக் கழன்று வரும். அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் எந்தச் சாவியைப் போட்டாலும் செல்ஃப் அடிக்காது.

நான்காவது டீசல். டேங்கின் அடியில் டீசலை அடைக்கிற காக் இருக்கிற வண்டி எங்களுடையது. ராத்திரி அதை மூடிவிடுகிறோம். யாராவது எப்படியோ கிளப்பினாலும் குழாயில் மிச்சம் இருக்கிற டீசல் தீர்ந்ததும் வழியிலேயே நின்றுவிடும். அப்புறம் காக்கைத் திறந்தாலும், குழாயில் ஏர் பிடித்திருக்கும். ஏர் எடுத்தால்தான் மறுபடி ஓடும். இருட்டில், அவசரத்தில் அந்த வேலை ஆகாது. இதில் ஒரு ஜாக்கிரதை. காலையில் நம் வீட்டு ஆளே மறந்து கிளப்பிவிட்டால் அந்த அவஸ்தை நமக்கு வரும். அதனால் சாவியோடு ஒரு சின்ன அட்டையைக் கோத்து "டீசல் திற" என்று எழுதிவிட்டேன்.

சங்கிலி, பூட்டு, ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மஞ்சள் விற்ற பிறகு ஜி.பி.எஸ். கருவியும் ஒன்று வைத்தோம். வண்டி இருக்கிற இடம் செல்போனில் தெரியும். ராத்திரி இடம் விட்டு நகர்ந்தால் போன் சத்தம் போடும். அதற்கான வயரைக் கட்-ஆஃப் ஸ்விட்ச்சுக்கு முந்தி பேட்டரியிலிருந்தே நேராக எடுக்கச் சொல்லுங்கள். இல்லையானால் ஸ்விட்ச்சைப் போட்டதும் கருவியும் தூங்கிவிடும். அதில் இருக்கிற சிம் கார்டுக்குப் பணம் கட்டும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இத்தனையும் தினம் யார் செய்வது என்று கேட்பீர்கள். ஐந்து நிமிஷ வேலை. அடுப்பைத் துடைத்து, கேஸை மூடி, தயிருக்கு உறை ஊற்றுகிறோம் இல்லையா, அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டோம். எங்கள் அத்தை தினமும் படுக்கப் போகுமுன் கேட்பார்கள்: "கோழி அடைச்சாச்சா? வண்டி கட்டியாச்சா?" மாட்டைக் கட்டுத்தரையில் கட்டாமல் எந்த வீட்டிலாவது தூங்கப் போவார்களா? அதே கணக்குத்தான். நடவு சமயத்தில் எவ்வளவு நேரமானாலும் வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சேறும் சகதியுமாகக் கேஜ் வீலைக் கழற்ற முடியாத நாளில், வயலுக்குப் பக்கத்து வீட்டுக் களத்தில் சொல்லிவிட்டு நிறுத்துகிறோம். அங்கேயும் சங்கிலியும் ஸ்விட்ச்சும் உண்டு.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதில் இன்னொரு லாபம். டிராக்டர் என்றால் குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பாத பிள்ளை கிடையாது. சாவி அதிலேயே இருந்தால் அந்தச் சின்னக் கை என்ன செய்யும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சாவி உள்ளே, ஸ்விட்ச் உள்ளே என்றால் திருடனுக்கும் பூட்டு, விபத்துக்கும் பூட்டு. சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிற வழக்கம் இருந்தால் அதில் ஆசிட் இருப்பதை மறக்க வேண்டாம். அதையும் பிள்ளைகள் கை படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

வேலை ஆட்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். களவு போனதும் முதல் சந்தேகம் டிரைவர் மேலேயோ பண்ணையத்து ஆள் மேலேயோதான் விழுகிறது. நாத்தனார் வீட்டிலும் பத்து வருஷமாக வேலை செய்தவரைச் சந்தேகப்பட்டார்கள். அவர் மனம் நொந்து நின்றுவிட்டார். நாங்கள் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறோம். யார் எடுத்தாலும் நேரம் போட்டுக் கையெழுத்து. என் கணவரும் போட வேண்டும். "இது என்னங்க்கா, ஆபீஸ் மாதிரி" என்று எங்கள் டிரைவர் சிரித்தார். "உங்க மேல ஒரு சொல் வரக்கூடாதுன்னுதான் தம்பி" என்றேன். அவர் இப்போது எல்லோருக்கும் முந்திக் கையெழுத்துப் போடுகிறார்.

அடுத்தது காகிதங்கள். இது முழுக்க முழுக்க நம் இலாகா. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் இருக்கும். அவற்றைத் தனியாக எழுதி வையுங்கள். சேஸ் நம்பர் இரும்பில் பதித்திருக்கும். அதன் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அப்படியே பதியும். காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துக் குழந்தைகள் விளையாடுவார்களே, அதே மாதிரி. எங்கள் வீட்டில் அந்த வேலையை என் பெண்தான் செய்தாள். வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கலப்பை, ரோட்டவேட்டர் இவற்றில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து வெல்டிங்கில் ஒரு அடையாளம் போடச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சட்டத்துக்குக் கட்டாயமானது தேர்டு பார்ட்டி மட்டுமே. திருட்டுக்கும் சேர்த்துப் பணம் வர 'பேக்கேஜ்' பாலிசி வேண்டும். டிரெய்லருக்கும் தனியாகச் சேர்த்திருக்கிறதா, வாடகை உழவுக்குப் போவதானால் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். களவு போனால் வாங்கின விலை அப்படியே வராது. வருஷம் ஆக ஆக மதிப்புக் குறையும். பொதுவான கணக்குப்படி மூன்று வருஷம் தாண்டி நாலு முடியாத வண்டிக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். ஏழு லட்சம் வண்டி 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகிவிடும். பேங்க் கடன் இருந்தால் அந்தப் பணமும் முதலில் கடனுக்குத்தான் போகும். அப்படிப் போனாலும் தலைமேல் இருக்கிற சுமை இறங்குகிறதே! வண்டியின் இரண்டு சாவிகளையும் கம்பெனியில் கேட்பார்கள். ஷோரூமில் கொடுத்த இரண்டாவது சாவியைப் பீரோவில் பத்திரப்படுத்துங்கள்.

கடவுள் காப்பாற்ற வேண்டும், ஒருவேளை களவு போயேவிட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 112க்குப் போன் செய்யுங்கள். அக்கம்பக்கம் தேடிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போகலாம் என்று இருக்காதீர்கள். நம்பர்களையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷன். வேறு ஸ்டேஷன் எல்லை என்றாலும் புகாரை வாங்க வேண்டும் என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். நகல் நமக்கு இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் திருட்டுகளுக்குப் பழைய 379க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவு என்று போடுவார்கள். பார்த்துக் குழம்ப வேண்டாம். அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பேங்குக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று போலீஸ் தருகிற சான்று கிளெய்முக்கு வேண்டும். அதையும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

சொல்லத் தாமதமானது என்று கம்பெனி மறுத்துவிட்டால் மனம் தளர வேண்டாம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கிலேயே இதற்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த விவசாயி களவு போன அன்றே போலீஸில் பதிவு செய்துவிட்டார். கம்பெனியில் கேட்டது ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்து. போலீஸில் உடனே சொல்லியிருக்கும்போது, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்றார்கள் மூன்று நீதிபதிகள். முதல் நாள் எஃப்.ஐ.ஆருக்கு எவ்வளவு மதிப்பு, பாருங்கள்.

யாராவது பழைய டிராக்டரை மலிவாகத் தருகிறேன் என்று வந்தால், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எம்பரிவாஹன் என்ற அரசாங்கச் செயலியிலும் வண்டி நம்பரைப் போட்டு விவரம் பார்க்கலாம். நம்பர் தேய்த்த மாதிரி இருந்தால் வேண்டவே வேண்டாம். அது எங்கேயோ ஒரு வீட்டில் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிற வண்டியாக இருக்கும்.

முக்கியமான ஒன்று. ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால் வீட்டு ஆண்களை அரிவாளும் கையுமாக வெளியே ஓட விடாதீர்கள். எல்லா விளக்கையும் போடுங்கள். 112க்குப் பேசுங்கள். நாங்கள் சுற்றியுள்ள நாலு வீட்டுப் பெண்களும் பேசி வைத்திருக்கிறோம். நடுராத்திரி ஒரு போன் வந்தால் எடுத்துப் பேச வேண்டியதில்லை, உடனே அவரவர் வீட்டு விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுக்க வேண்டும். நாலு பக்கமும் வெளிச்சம் வந்தால் நிற்கிற திருடன் உண்டா? வண்டியை மறுபடி வாங்கலாம்.

எங்கள் மாமனார் அத்தனை சுலபமாக நம்பவில்லை. சங்கிலி போட்ட பிறகும் நாலு நாள் வெளியேதான் படுத்தார். ஐந்தாம் நாள் அத்தை அவர் கையில் பூட்டுச் சாவியையும் ஸ்விட்ச் கைப்பிடியையும் கொடுத்து, "இந்தாங்க, இனி உங்க பொறுப்பு. இதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு உள்ளே படுங்க" என்றார்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தச் சாவிக்கொத்து அவர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள், சகோதரிகளே. பீரோவைத் திறந்து டிராக்டர் பாலிசியை எடுங்கள். அதில் 'பேக்கேஜ்' என்று இருக்கிறதா, 'லையபிலிட்டி ஒன்லி' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் இன்றைக்கே வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சாப்பாடு போட்ட பிறகு பேசினால் நல்லது.